செடி புதராகுது, பூவே காணோம்!

போன மாதம் என் கைக்கு வந்த வாசகர் கடிதக் கட்டில் ஓர் உறை மட்டும் தடித்துப்போய் இருந்தது. பிரித்தால், பழைய செய்தித்தாளில் சுற்றிய கத்தரிக் கொப்பு. பாதி காய்ந்துவிட்டது. ஆனாலும் பார்த்ததுமே புரிந்தது. சுண்டுவிரல் நீளக் குச்சியில் இருபது இலைக்குக் குறையாமல் நெருக்கியடித்துக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றும் துளசி இலையைவிடச் சிறியது. கத்தரி இலையைத் தடவினால் கையில் சொரசொரக்கும் சுணை இதில் இல்லை, வழுவழுவென்று இருந்தது.

கடிதம் எழுதியவர் திண்டுக்கல் மாவட்ட வாசகி ஒருவர். அவர் வார்த்தையிலேயே தருகிறேன்.

“ஐயா, வீட்டுக்குப் பின்னாடி பதினஞ்சு கத்தரிச் செடி வெச்சிருக்கேன். அதுல ஒண்ணு மட்டும் மத்ததைவிட அடர்த்தியா, கொத்துக் கொத்தா கிளைச்சுப் புதர் மாதிரி நிக்குது. மூணு மாசமா ஒரு பூ வரல. மாமியார், ‘அது ஆண் செடி, விடு’ங்கிறாங்க. எங்க வீட்டுக்காரர், ‘இத்தனை கிளை இருக்கே, சத்து கொடுத்தா காய் கொட்டிரும்’ங்கிறார். என்ன உரம் வைக்கலாம்னு சொல்லுங்க. அடுத்த மாசம் அம்பது சென்ட்ல கத்தரி நாத்து நடப்போறோம்.”

கடைசி வரியைப் படித்ததும்தான் எனக்குப் பதற்றமாகிவிட்டது. பதில் இதழில் அச்சாகி வரும்வரை காத்திருக்க முடியாது என்று அன்றைக்கே போன் செய்தேன். “அம்மா, ஒரு உரமும் வைக்காதீங்க. நாத்து நடுறதுக்கு முன்னாடி அந்தச் செடியைப் பிடுங்கிடுங்க” என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, “பச்சைப் பசேல்னு நிக்குதேங்க...” என்றார்.

அவர் சொன்னதில் தப்பில்லை. வாடிய செடியை, புழு தின்ற செடியை யோசிக்காமல் பிடுங்கிவிடுவோம். பச்சையாக நிற்பதைப் பிடுங்க நம் யாருக்கும் மனசு வராது. இந்த நோய் நம் தோட்டங்களில் தங்கிப்போனதற்கு அந்த மனசும் ஒரு காரணம்.

முதலில் அந்த மாமியாருக்கு ஒரு பதில். பப்பாளியில் ஆண் மரம் உண்டு, பனையில் உண்டு. கத்தரியில் கிடையாது. கத்தரியின் ஒரே பூவுக்குள் மகரந்தமும் சூலகமும் சேர்ந்தே இருக்கின்றன. பூக்காத கத்தரி என்றால் அது நோயாளிச் செடி. இந்த நோய்க்குச் சிற்றிலை நோய் என்று பெயர். 1930-களின் இறுதியில் தாமஸ், கிருஷ்ணசாமி என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் கோயம்புத்தூரில்தான் இதை முதன்முதலில் பதிவுசெய்தார்கள். நம் மண்ணில் கண்டுபிடிக்கப்பட்டு, பிறகு நாடு முழுக்க அறியப்பட்ட நோய் இது.

அப்போது எல்லோரும் இதை வைரஸ் என்றே நினைத்தார்கள். 1967-ல் ஜப்பானில் முசுக்கொட்டைச் செடியின் குட்டை நோயை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தவர்கள்தான் உண்மையான குற்றவாளியைக் கண்டார்கள். பாக்டீரியா இனம்தான், ஆனால் அதைச் சுற்றிச் செல்சுவர் கிடையாது. இன்றைக்கு அதை ஃபைட்டோபிளாஸ்மா என்கிறோம். இலை சமைக்கிற உணவை வேருக்கும் குருத்துக்கும் கொண்டுபோகும் குழாய்களுக்குள்தான் அது குடியிருக்கும். வேறு எங்கும் வாழத் தெரியாது. அதனால்தான் வெளியே தெளிக்கும் பூஞ்சணக்கொல்லி எதுவும் அதைத் தொடுவதில்லை.

ஒரு செடி எப்போது கிளைக்கும் என்பது நமக்குத் தெரிந்த விஷயம்தான். நுனிக்குருத்து இருக்கும்வரை அங்கிருந்து இறங்குகிற ஒரு சுரப்பு, பக்க மொட்டுகளை உறங்கவைக்கிறது. நுனியைக் கிள்ளினால் பக்க மொட்டுகள் விழித்துக்கொள்ளும். நடவுத் துவரையில் 20 முதல் 30 நாளுக்குள் நுனிக்குருத்தைக் கிள்ளிவிடச் சொல்வதும், செடிமுருங்கை 75 செ.மீ. உயரம் வந்ததும் நுனியை ஒடிக்கச் சொல்வதும் இதற்காகத்தான். அப்படிக் கிளைக்கிற கிளை நல்ல கிளை. இலை அதன் முழு அளவில் இருக்கும், பூ வரும். வாசகியின் வீட்டுக்காரர் மனதில் இருந்தது இந்தக் கணக்கு. கிளை கூடினால் காய் கூடும் என்பது நல்ல செடிக்குச் சரி.

நோய்க்கிருமி போடும் கணக்கு வேறு. இங்கிலாந்தில் நார்விச் நகரத்தில் இருக்கும் ஜான் இன்னஸ் ஆய்வு மையத்தில், இதே வகையைச் சேர்ந்த ஒரு கிருமியை வைத்து இதை விளக்கிக் காட்டினார்கள். 2011-ல் வெளியான ஆய்வு அது. கிருமி ஒரு புரதத்தைச் செடிக்குள் விடுகிறது. இலை எவ்வளவு அகல வேண்டும், பக்க மொட்டு எப்போது அடங்கி இருக்க வேண்டும் என்று செடிக்குள் மேற்பார்வை பார்க்கும் சில புரதங்களை அது அழித்துவிடுகிறது. மேஸ்திரி இல்லாத கட்டட வேலை மாதிரி, இலை சிறுத்து நெளிகிறது, கிளை கண்டபடி வெடிக்கிறது. அதோடு, பூச்சிக்கு எதிராகச் செடி சுரக்கும் ஒரு பொருளும் குறைந்துவிடுகிறது. விளைவு, அந்தச் செடியில் தத்துப்பூச்சி கூடுதலாகக் குஞ்சு பெருக்குகிறது. அந்தத் தத்துப்பூச்சிதான் கிருமியை அடுத்த செடிக்குச் சுமந்துபோகும் வண்டி. 2014-ல் அதே ஆராய்ச்சிக் குழு இன்னொரு புரதத்தைப் பற்றிச் சொன்னது. அது பூவையே இலையாக மாற்றிவிடுகிறது.

ஆக, அந்தக் கொல்லைச் செடி செழித்து நிற்பது நமக்காக இல்லை. தத்துப்பூச்சிக்காக இலையும் தளிரும் உற்பத்தி செய்துகொண்டிருக்கிறது. தன் சந்ததிக்கு ஒரு விதைகூடப் போடாது.

கத்தரியில் இதைக் கண்டுபிடிப்பது கஷ்டமே இல்லை. இலைக்காம்பு குட்டையாகி, இலை தண்டிலேயே ஒட்டிக்கொண்ட மாதிரி இருக்கும். கணுவுக்கும் கணுவுக்கும் இடைவெளி சுருங்கும். இலை மெலிந்து, மென்மையாக, வெளிறிய பச்சையில் இருக்கும். பூ அநேகமாக வராது. வந்தாலும் பச்சையாக இருக்கும். நோய் வருவதற்கு முன் பிடித்த காய் இருந்தால் அதுவும் முற்றாமல் கட்டைபோல் இறுகிவிடும். பக்கத்துச் செடியின் இலை ஒன்றைப் பறித்து இதன் அருகில் வைத்துப் பார்த்தாலே போதும்.

இதைப் பரப்புவது பழுப்பு நிறத் தத்துப்பூச்சி. இலை ஓரத்தை மஞ்சளாக்கிக் கருக்குகிற பச்சைத் தத்துப்பூச்சி வேறு, இது வேறு. நோய்ச் செடியில் சாறு குடித்த பூச்சியின் உடம்புக்குள் கிருமி சில வாரம் பெருகும். அதற்குப் பிறகு அந்தப் பூச்சி சாகும்வரை போகிற செடிக்கெல்லாம் கொடுத்துக்கொண்டே இருக்கும். கை பட்டோ, மண் வழியாகவோ, பாசனத் தண்ணீர் வழியாகவோ இது பரவாது. பிடுங்கிய குழியிலேயே மறுநாள் வேறு நாற்று நடலாம், பயம் இல்லை.

பிடுங்கும் முறையில்தான் கவனம் வேண்டும். வெயில் ஏறிய பிறகு செடியைப் பிடித்து உலுக்கினால் அதில் இருக்கும் தத்துப்பூச்சி அத்தனையும் பக்கத்துச் செடிக்குத் தாவிவிடும். நாமே நோயை விசிறிவிட்ட கதையாகும். முதல் நாள் சாயங்காலம், அந்தச் செடிக்கும் சுற்றியுள்ள செடிகளுக்கும் 5 சத வேப்பங்கொட்டைக் கரைசல் தெளித்துவிடுங்கள். நூறு லிட்டர் தண்ணீருக்கு 5 கிலோ வேப்பங்கொட்டைப் பருப்பு என்பது கணக்கு. ஒரு செடிக்கு என்றால் லிட்டருக்கு 50 கிராம் போதும். மறுநாள் விடிகாலையில், பனி ஈரம் இருக்கும்போதே பழைய சாக்கைச் செடியின் மேல் கவிழ்த்து, அடியைச் சுற்றிப் பிடித்து, வேரோடு பிடுங்கி, சாக்கோடு எடுத்துப்போய்ப் புதைக்கலாம், அல்லது எரிக்கலாம். கவாத்து செய்து துளிர்க்கவிடும் வேலை வேண்டவே வேண்டாம். கிருமி செடி முழுக்கப் பரவியிருப்பதால் மறுதாம்பும் அதே புதராகத்தான் வரும்.

வாசகியிடம் இன்னொன்றும் கேட்டேன். “வீட்டைச் சுத்தி நித்தியகல்யாணி இருக்கா?” இருந்தது, வாசலிலேயே இரண்டு. ஒன்றில் பூ சிறுத்துப் பச்சையாக வருகிறது என்றார். அதையும் பிடுங்கச் சொன்னேன். சுடுகாட்டு மல்லி என்றும் நாம் சொல்லும் இந்தச் செடிக்கும் ஃபைட்டோபிளாஸ்மாவுக்கும் அப்படி ஒரு ஒட்டுதல். ஆராய்ச்சிக்கூடங்களில் இந்தக் கிருமியை வளர்த்துவைப்பதே நித்தியகல்யாணியில்தான். ஊமத்தையும் இப்படித்தான், வரப்பில் நின்றால் அது கிருமிக்கு மழைக்கால வீடு.

ஒரு விஷயத்தைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கிறிஸ்துமஸ் சமயத்தில் நர்சரிகளில் சிவப்பு இலையோடு குட்டையாக, அடர்த்தியாகக் கிளைத்து விற்கிறார்களே, பாய்ன்செட்டியா, அந்தத் தொட்டிச் செடி அப்படி அழகாகக் கிளைப்பதற்குக் காரணமே அதற்குள் இருக்கும் ஒரு ஃபைட்டோபிளாஸ்மாதான் என்று 1997-ல் கண்டுபிடித்தார்கள். கிருமியை நீக்கினால் அது நெட்டையாக, கிளை குறைந்து வளரும். பூந்தொட்டிக்காரருக்கு வரமாக இருப்பது கத்தரிக்காரருக்குச் சாபம். தானாக முளைத்துக் கிடக்கும் கஞ்சாச் செடியில்கூட இந்தத் துடைப்பக் கொத்து வட இந்தியாவில் பதிவாகியிருக்கிறது. கிருமிக்குப் பயிர், களை, அழகுச்செடி என்ற பேதமெல்லாம் கிடையாது.

எள் போடுகிறவர்களுக்கு இது தெரிந்த முகம்தான். பூக்க வேண்டிய இடத்தில் இலைக்கொத்தாக நிற்குமே, பச்சைப்பூ நோய், அதுவும் இந்தக் குடும்பம்தான். ஆறு வரிசை எள்ளுக்கு ஒரு வரிசை துவரை என்று ஊடுபயிராகப் போடச் சொல்வது இந்த நோயைக் குறைப்பதற்கும் சேர்த்துத்தான். சந்தனம் வைத்திருப்பவர்களும் கவனிக்க வேண்டும். இலை வரவரச் சிறுத்து, விறைத்து, கிளை நுனி கதிர்போல் நிமிர்ந்து நின்றால் அது ‘ஸ்பைக்’ நோயாக இருக்கலாம். 1899-லேயே குடகில் கண்டறியப்பட்ட நோய் அது. இன்றைக்கும் சந்தனத்துக்கு அதைவிடப் பெரிய எதிரி இல்லை. கரும்பில், தூரிலிருந்து புல்கட்டு மாதிரி வெளிறிய ஒல்லித் தளிர்கள் கிளம்பினால் அதுவும் இதே ஜாதிதான். அங்கே ஆபத்து வேறு வழியில் வருகிறது: கரணை வழியாகவே அடுத்த பயிருக்குப் போய்விடும். அந்த வயலிலிருந்து விதைக்கரணை எடுக்கவே கூடாது.

துவரை பற்றி என் சொந்தத் தப்பு ஒன்று உண்டு. சம்பளத்துக்கு வேலை பார்க்க ஆரம்பிப்பதற்கு முன், எங்கள் கிணற்று மேட்டில் இரண்டு துவரைச் செடிகள் நின்றன. மற்ற துவரையெல்லாம் காய்த்து அறுவடையாகிவிட்டது. இவை மட்டும் பூக்காமல், சின்னச் சின்ன வெளிர் இலையோடு புதராகக் கிளைத்துக் கோடையிலும் பச்சையாக நின்றன. “ஆட்டுக்குத் தழையாச்சு” என்று நான்தான் விட்டுவைத்தேன். அப்பா ஒரு தடவை சொன்னார், கேட்கவில்லை. அடுத்த ஆடிப்பட்டத்தில் கிணற்று மேட்டை ஒட்டிய துவரை முழுக்க அதே கோலம். மலட்டுத்தேமல் நோய் என்ற பெயரே எனக்குப் பிற்பாடுதான் தெரியும். அது ஃபைட்டோபிளாஸ்மா இல்லை, வைரஸ். கண்ணுக்குத் தெரியாத ஒரு சிலந்தி அதைச் சுமக்கிறது. காற்று அந்தச் சிலந்தியைச் சுமக்கிறது. ஒன்றரை மாதத்துக்குள் நோய் பிடித்த செடி அநேகமாகப் பூக்காது. அதனால்தான் விதைத்த 40 நாள்வரை வயலில் நடந்து, சந்தேகப்பட்ட செடியைப் பிடுங்கிக்கொண்டே இருக்கச் சொல்கிறார்கள். அந்த வருஷம் வீட்டுக்குப் பருப்பைக் கடையில் வாங்கினோம். அப்பா அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

புதர் எல்லாமே நோய் என்று எடுத்துக்கொள்ளவும் கூடாது. இதே கட்டில் வந்த வேறு கடிதங்களைப் பார்த்தால் அது விளங்கும்.

பெரம்பலூர் பக்கத்திலிருந்து ஒரு பருத்தி விவசாயி, “பருத்தி இலை திடீர்னு வெண்டை இலை மாதிரி விரல் விரலா மாறிப்போச்சு, வயல்ல ஒரு பக்கம் முழுக்க” என்று எழுதியிருக்கிறார். ‘ஒரு பக்கம் முழுக்க’ என்ற வார்த்தையைக் கவனியுங்கள். தத்துப்பூச்சி கொண்டுவரும் நோய் இங்கொன்றும் அங்கொன்றுமாகத்தான் ஆரம்பிக்கும். ஒரே நாளில், ஒரே திசையில், வரிசையாக இலை உருமாறினால் பக்கத்து மக்காச்சோள வயலில் 2,4-டி களைக்கொல்லி அடித்தார்களா என்று விசாரியுங்கள். பருத்தி, தக்காளி, கத்தரி மூன்றுக்கும் அந்த மருந்தின் சாரல் ஆகாது. களைக்கொல்லி அடித்த டேங்கைச் சரியாகக் கழுவாமல் பூச்சிமருந்து கலந்தாலும் இதே கதைதான். களைக்கொல்லிக்குத் தனி டேங்க் வைத்துக்கொள்வது மலிவான வழி. சாரல் லேசாகப் பட்டிருந்தால் புதுத்தளிர் மெல்ல மெல்லச் சரியாக வரும். பிடுங்க வேண்டாம், தண்ணீர் காட்டிக் காத்திருங்கள்.

எலுமிச்சையில் இலை சிறுத்துக் கொத்தாக வருகிறது, நரம்பு மட்டும் பச்சையாக, நடுவெல்லாம் மஞ்சளாக இருக்கிறது என்கிறார் இன்னொருவர். மரத்துக்கு மரம் எல்லாவற்றிலும் அப்படியென்றால் அது துத்தநாகப் பற்றாக்குறை. சத்து கொடுத்தால் சரியாகிற சிற்றிலை இது ஒன்றுதான்.

மிளகாய்க்காரர்கள் மூன்று பேர் சுருட்டை பற்றிக் கேட்டிருக்கிறார்கள். இலை மேல்நோக்கிப் படகுபோல் மடங்கினால் இலைப்பேன். கீழ்நோக்கிக் கவிழ்ந்து, காம்பு நீண்டால் சிலந்தி. இரண்டுக்கும் மருந்து வேறு. இலையைத் திருப்பிப் பார்க்காமல் கடைக்குப் போகாதீர்கள். வாழையில் இலைகள் நுனியில் குறுகி, கொத்தாக நிமிர்ந்து நின்றால் முடிக்கொத்து நோய். கீழ்ப் பழனி மலையில் விருப்பாட்சி வாழையை ஒரு காலத்தில் நொறுக்கிய நோய் அது. அந்தத் தூரிலிருந்து பக்கக்கன்றை யாருக்கும் தானமாகக்கூடக் கொடுக்க வேண்டாம்.

பூசணித் தண்டு ஒன்று பட்டையாக, நாலு தண்டை ஒட்டவைத்த மாதிரி அகலமாக ஓடுகிறது என்று படம் அனுப்பியிருக்கும் பள்ளி மாணவிக்கு: பயம் வேண்டாம். குருத்தின் வளர்முனை ஒரு புள்ளியாக இல்லாமல் கோடாக விரிந்துவிட்டால் இப்படி ஆகும். கோழிக்கொண்டைப் பூ அப்படி விரிந்து நிற்பதும் இதனால்தான். காய் வந்தால் பறித்துச் சாப்பிடலாம்.

மீண்டும் கத்தரிக்கு வருகிறேன். ஒரு மருந்துக் கடையில், “ஆன்டிபயாட்டிக் இருக்கு, அடிச்சா சரியாகும்” என்று சொன்னதாக அந்த வாசகி மறுபடி போனில் கேட்டார். டெட்ராசைக்ளின் வகை மருந்துக்கு இந்தக் கிருமி அடங்கும் என்பது உண்மைதான். ஜப்பானிலேயே அதைப் பார்த்திருக்கிறார்கள். ஆனால் அடங்கும், சாகாது. மருந்தை நிறுத்தினால் சிற்றிலை திரும்ப வரும். சாப்பிடுகிற காய்க்கு, மனுஷனுக்குக் கொடுக்கிற மருந்தை வாராவாரம் அடிக்க நான் சொல்ல மாட்டேன். ஒரு செடியைக் காப்பாற்ற ஆகும் செலவில் ஐம்பது சென்ட்டுக்கும் நாற்று வாங்கிவிடலாம்.

அவர் வீட்டுப் புதர்ச் செடியோடு, அரைகுறையாக இலை சிறுத்திருந்த இன்னும் இரண்டையும் பிடுங்கியிருக்கிறார். மீதம் பன்னிரண்டு. நடவைப் பதினைந்து நாள் தள்ளிவைத்து, நாற்றங்காலுக்கு நைலான் வலை கட்டியிருக்கிறார்கள். வயலுக்கு ஏக்கருக்கு ஐந்து கணக்கில் மஞ்சள் ஒட்டுப்பொறி வைக்கச் சொல்லியிருக்கிறேன். அவர்கள் அளவுக்கு மூன்று போதும். நட்ட மூன்றாவது வாரத்திலிருந்து பூக்கும்வரை, வாரம் ஒரு விடிகாலை சாக்கோடு வரிசை வரிசையாக நடக்க வேண்டும். மாமியார் அந்த வேலையை ஏற்றுக்கொண்டிருக்கிறாராம்.

இனி இப்படிக் கேள்வி அனுப்புகிறவர்கள் கொப்பை உறையில் போட்டு அனுப்ப வேண்டாம். வழியில் பூச்சி இறங்கிவிட்டால் வம்பு. முழுச் செடியும் தெரிய ஒரு படம், நல்ல செடியின் இலையையும் சந்தேக இலையையும் ஒரே வெள்ளைத் தாளில் பக்கத்துப் பக்கத்தில் வைத்து ஒரு படம், அதோடு வயலில் எத்தனை செடி இப்படி, எந்த மூலையில் ஆரம்பித்தது என்று இரண்டு வரி. அது போதும்.